நூலகத்துக்குப் போகும் பழக்கமும் விருப்ப வாசிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பொது நூலகங்களை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. தேர்வுக்குப் படிக்கிறவர்களைவிட, கதை, கவிதை, வரலாறு, சமையல் என்று பிடித்ததை வாசிக்க நினைப்பவர்களுக்கும் பிள்ளைகளை அப்படிப் பழக்க நினைப்பவர்களுக்கும் அதிகம் உதவும்.

எல்லாப் புத்தகமும் ஃபோனிலேயே கிடைக்கிறதே, நூலகத்துக்கு எதற்கு அலைய வேண்டும்?

கிடைப்பது உண்மைதான். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பிலும், தமிழிணைய மின்னூலகத்திலும் பழைய நூல்கள் குவிந்து கிடக்கின்றன. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே பெரிய இணையச் சேகரம் இருக்கிறது. இன்ன நூல் வேண்டும் என்று தெரிந்து தேடுகிறவருக்கு இவை பெரிய வரம். ஆனால் இறக்கி வைத்த பிடிஎஃப்களில் எத்தனையைக் கடைசிப் பக்கம்வரை வாசித்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

நூலகம் தருகிற இரண்டு விஷயங்கள் ஃபோனில் இல்லை. ஒன்று, திருப்பித் தர வேண்டிய தேதி. அந்தத் தேதி இருப்பதால்தான் புத்தகம் நகர்கிறது. இரண்டாவது, தப்பான புத்தகத்தை எடுத்தாலும் நஷ்டமில்லை. 400 ரூபாய் கொடுத்து வாங்கிய நாவல் பிடிக்காமல் போனால், காசு போட்டோமே என்று அதையும் முடிக்காமல் வேறு எதையும் தொடாமல் மாதக்கணக்கில் நின்றுவிடுவோம். வாசிப்பு விட்டுப்போனது என்று சொல்கிற பலர் வாசிப்பு பிடிக்காமல் விட்டவர்கள் அல்லர். பிடிக்காத ஒரு புத்தகத்தில் மாட்டிக்கொண்டவர்கள். நூலகப் புத்தகத்தில் அந்தச் சிக்கல் கிடையாது. திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.

உறுப்பினராக என்ன தேவை? செலவு எவ்வளவு ஆகும்?

விண்ணப்பப் படிவம், முகவரிச் சான்றின் நகல், புகைப்படம். பிள்ளைகளுக்கு என்றால் பெற்றோர் கையெழுத்து. காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் நூலகத்தின் வகைக்கும் எடுக்க விரும்பும் புத்தக எண்ணிக்கைக்கும் ஏற்ப மாறும் என்பதால் கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். கிளை நூலகத்தில் இரண்டும் சேர்த்தாலும் ஒரு புது நாவலின் விலை வராது. காப்புத்தொகை உங்கள் பணம். விலகும்போது திரும்ப வரும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொந்த வீடு இருந்தால் நீங்கள் ஏற்கெனவே நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி சேர்ந்தே வசூலாகிறது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் போட்ட வழி அது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாநிலம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுதான். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர். வரியைக் கட்டிவிட்டு உள்ளே போகாமல் இருப்பது நம் கணக்கில்தான் நஷ்டம்.

எந்த நூலகம் எப்போது திறந்திருக்கும்?

மாவட்டத் தலைநகரில் மாவட்ட மைய நூலகம். அதற்குக் கீழே கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள். மைய நூலகம் பொதுவாகக் காலையிலிருந்து இரவு வரை தொடர்ந்து இயங்கும். கிளை நூலகங்கள் பல மதியம் மூடி மாலையில் திறக்கும். பகுதி நேர நூலகம் நாளுக்குச் சில மணி நேரம்தான். பலர் ஒரு முறை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்து ‘அது எப்போதும் மூடியே கிடக்கும்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். வாசலில் உள்ள பலகையை ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை போவது நல்லது?

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. புத்தகத்தைத் திருப்பித் தரும் தவணையும் பொதுவாக அதை ஒட்டித்தான் இருக்கும். கணக்கு எளிது: 200 பக்க நாவலை 14 நாளில் முடிக்க நாளுக்கு 15 பக்கம் போதும். தமிழ் நாவலில் 15 பக்கம் என்பது நிதானமாக வாசிக்கிறவருக்கு அரை மணி நேரம்.

நாளைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். புத்தகம் முடிந்த பிறகு போகலாம் என்று வைத்துக்கொண்டால் போகவே மாட்டீர்கள். ‘ஒன்றுவிட்ட ஞாயிறு, காலை பத்தரை’ என்று இருக்கட்டும். முடிக்காத புத்தகத்தோடும் போகலாம், புதுப்பித்துக்கொள்ளலாம். வேறொருவர் கேட்டு வைத்திருந்தால் மட்டும் புதுப்பித்தல் கிடைக்காது. சந்தைக்கோ கோயிலுக்கோ போகிற வழியில் நூலகம் இருந்தால் அதோடு சேர்த்துவிடுவது நல்லது, தனியாகக் கிளம்ப வேண்டிய வேலை எதுவும் மழைக்காலத்தைத் தாண்டாது.

உள்ளே போனால் எந்தப் புத்தகத்தை எடுப்பது என்றே தெரியவில்லை. அலமாரியில் எப்படித் தேடுவது?

முதலில் அலமாரிக்கே போகாதீர்கள். அன்று திரும்பி வந்த புத்தகங்கள் கவுன்ட்டருக்குப் பக்கத்தில், இன்னும் அடுக்கப்படாமல் ஒரு மேசையில் கிடக்கும். உங்கள் ஊர்க்காரர்கள் உண்மையில் என்ன வாசிக்கிறார்கள் என்பதைக் காட்டும் பட்டியல் அது.

அடுத்தது, கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதித் தாள். முத்திரை நெருக்கமாக இருந்தால் பலர் விரும்பி எடுத்த புத்தகம். கணினிப் பதிவுக்கு மாறிய நூலகங்களில் இது இருக்காது. அங்கே மூலை மடிந்து, முதுகு தளர்ந்த புத்தகத்தைப் பாருங்கள். பளபளவென்று இருக்கும் தடித்த புத்தகம் பெரும்பாலும் யாரும் தொடாதது. அதனால் மட்டமானது என்று அர்த்தமில்லை, தொடக்கத்துக்கு அது வேண்டாம் என்றுதான் பொருள்.

பிறகு முதுகில் உள்ள எண். புத்தகம் எந்தப் பொருளைச் சேர்ந்தது என்பதை அது காட்டும். சில நூலகங்களில் ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, சிலவற்றில் டூயி தசமப் பகுப்பு. கோலனில் ரோமன் எழுத்து ‘ஓ’வும் 31ம் சேர்ந்திருந்தால் தமிழ் இலக்கியம். காற்புள்ளிக்குப் பின் 1 வந்தால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை. டூயியில் தமிழ் இலக்கியம் 894.811, அதன் கடைசியில் 1 சேர்ந்தால் கவிதை, 3 சேர்ந்தால் கதை. தமிழ்நாட்டு வரலாறு 954.82, சமையல் 641.5. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள தட்டில் இடமும் வலமும் பாருங்கள்.

இதற்கும் மேலே, நூலகரிடம் கேட்பது. ‘நல்ல புத்தகம் ஏதாவது இருக்கா சார்?’ என்று கேட்டால் அவருக்குப் பதில் சொல்ல வழியில்லை. கடைசியாக வாசித்துப் பிடித்த ஒன்றையும் பிடிக்காத ஒன்றையும் சொல்லுங்கள். பிடிக்காததைச் சொன்னால்தான் பாதி வேலை முடியும்.

எடுக்கும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

தொடர் நாவல் என்றால் எல்லாப் பாகமும் இருக்கிறதா என்று முதலில். ஐந்து பாகச் சரித்திர நாவலில் மூன்றாம் பாகம் மட்டும் எப்போதும் யார் வீட்டிலோ இருக்கும்.

பிறகு பக்க எண்கள். புத்தகம் 8 அல்லது 16 பக்க ஃபாரமாக அச்சாகித் தைக்கப்படுகிறது. தையல் விட்டால் ஒரு ஃபாரமே கழன்று போகும், 96ஆம் பக்கத்துக்கு அடுத்து 113 வரும். நடுவில் ஐந்தாறு இடங்களிலும் கடைசியிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். துப்பறியும் நாவலில் இன்னொரு வேலையும் உண்டு: பத்தாம் பக்கத்தில் பேனாவால் ‘இவன்தான் கொலையாளி’ என்று எழுதி வைக்கும் புண்ணியவான் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்.

கிழிசலோ குறைந்த பக்கமோ இருந்தால் எடுக்கும்போதே நூலகரிடம் காட்டுங்கள். திருப்பும்போது சொன்னால் நீங்கள் செய்தது என்றாகிவிடும்.

பாதியில் விடலாமா?

தாராளமாக. 200 பக்கப் புத்தகத்துக்கு 40 பக்கம் கொடுத்துப் பாருங்கள். இன்னும் பிடி கொடுக்கவில்லை என்றால் திருப்பிவிடுங்கள். ஒரே கவனம்: தொடர்ந்து நாலைந்து புத்தகம் அப்படி நின்றால் பிரச்சினை புத்தகத்தில் இல்லை, உங்கள் தேர்வில். நீங்கள் வாசிக்க விரும்புவதை எடுக்காமல், வாசித்ததாகச் சொல்லிக்கொள்ள விரும்புவதை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சிறுகதைத் தொகுப்புக்கு மாறுங்கள். ஒரு கதை 10 பக்கம், ஒரு மூச்சில் முடியும். முடித்த ருசி ஏறினால் நாவல் தானாக வரும்.

துப்பறியும் கதை, குடும்ப நாவல், காமிக்ஸ் எல்லாம் வாசிப்பில் சேருமா?

சேரும். விருப்ப வாசிப்பின் பலன் அளவிலிருந்து வருகிறது, அளவு ருசியிலிருந்து வருகிறது. மாத நாவல்களை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் பழகி, பிறகு கனமான நூல்களுக்குப் போன தலைமுறையே தமிழில் உண்டு. ஒரே வகையில் நூறு படித்தவருக்கு நூற்றொன்றாவது அலுக்கும். அந்த அலுப்பு வரும்போது பக்கத்து அலமாரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குழந்தையை எந்த வயதிலிருந்து அழைத்துப் போகலாம்? எப்படி வாசித்துக் காட்டுவது?

இரண்டு, மூன்று வயதிலிருந்தே. முதல் சில தடவை இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குழந்தை அலுத்து அழுவதற்குள் வெளியே வந்துவிடுங்கள்.

வாசித்துக் காட்டுவதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. வீட்டில் குழந்தை கேட்பது ‘வந்துட்டு இருந்தான்’, ‘அம்மாகிட்ட குடுத்தா’. புத்தகத்தில் இருப்பது ‘வந்துகொண்டிருந்தான்’, ‘அம்மாவிடம் கொடுத்தாள்’. முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளை எழுத்தையும் புதிதாகக் கற்க வேண்டும், அந்த எழுத்து சொல்லும் மொழியையும் புதிதாகக் கற்க வேண்டும். எழுத்துக் கூட்டி ‘கொ-டு-த்-தா-ள்’ என்று சரியாகவே படித்துவிட்டு, என்ன படித்தோம் என்று விளங்காமல் விழிக்கும் பிள்ளைகள் நிறைய. அறிவுக் குறைவு என்று நாம் தப்பாக நினைக்கிறோம். அந்தச் சொல்லை அதுவரை காதால் கேட்டதில்லை, அதுதான் காரணம்.

ஆகவே பள்ளிக்கு முன்பே எழுத்துத் தமிழ் காதில் விழ வேண்டும். செய்முறை இது: படப் புத்தகம் ஒன்றை, அச்சில் உள்ளபடியே, வாக்கியத்தை மாற்றாமல் வாசியுங்கள். விரல் வரியோடு நகரட்டும். குழந்தை புரியாமல் பார்த்தால் பேச்சுத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு, அதே வரியை மறுபடி அச்சில் உள்ளபடி வாசியுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம், படுக்கப் போகும் முன். முழுக்கப் பேச்சுத் தமிழிலேயே கதையாகச் சொல்லிவிடுவதும் நல்லதுதான், ஆனால் அது இந்த வேலையைச் செய்யாது. ஒரே புத்தகத்தை இருபது நாள் கேட்டாலும் சலிக்காமல் வாசியுங்கள். அந்த இருபதாவது நாளில்தான் வரியை அது தானாகச் சொல்லும்.

நூலகத்தில் குழந்தைப் பிரிவு மெலிந்திருந்தால், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகள் நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கமும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு புத்தகங்களை வெளியிட்டிருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

மகள் ஒரே மாதிரிப் புத்தகத்தையே எடுக்கிறாள். நல்ல புத்தகத்தை நாங்கள் தேர்ந்தெடுத்துத் தரலாமா?

இரண்டு புத்தகம் எடுக்கும் உரிமை இருந்தால் ஒன்று அவளுடையது, ஒன்று நீங்கள் பரிந்துரைப்பது. அவளுடையதில் தலையிடாதீர்கள். நீங்கள் எடுத்ததைத் தொடாமலே திருப்பினாலும் கேள்வி கேட்க வேண்டாம். ஒரே எழுத்தாளரை, ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப வாசிப்பது பழகும் காலத்தில் பெரிய உதவி: பாத்திரங்களும் சொற்களும் ஏற்கெனவே தெரிந்தவை என்பதால் வேகம் கூடும்.

கடினத்தை அளக்க எளிய வழி உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கினால் அது இன்னும் ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டிய புத்தகம், அல்லது நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். வாசித்த பிறகு ‘என்ன நீதி?’ என்று கேட்டுவிடாதீர்கள். அடுத்த முறை அவள் நூலகத்துக்கு வராததற்கு அந்த ஒரு கேள்வி போதும்.

கதைப் புத்தகம் படித்தால் பாடம் கெட்டுப்போகாதா?

நேர்மாறாகத்தான் நடக்கிறது. பேச்சில் வராத சொற்கள் புத்தகத்தில்தான் வருகின்றன. 1988இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஆங்கிலத்தில் இதை எண்ணிப் பார்த்தது: கல்லூரி படித்த பெரியவர்களின் உரையாடலில் ஆயிரம் சொல்லுக்குச் சுமார் 17 அரிய சொற்கள், குழந்தைகளுக்கான புத்தகங்களிலோ சுமார் 31. தமிழில் எழுத்துக்கும் பேச்சுக்கும் இடைவெளி இன்னும் பெரிது. அறிவியல் வினாத்தாளின் நீண்ட வாக்கியத்தைப் புரிந்துகொள்ள முடியாமல் மதிப்பெண் இழக்கும் மாணவருக்கு இன்னொரு கைடு உதவாது. அவர் நீண்ட வாக்கியங்களை வாசித்துப் பழகியிருக்க வேண்டும்.

நூலகம் முழுக்கப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள்தான். உட்கார இடமே இல்லை.

பல ஊர்களில் இதுதான் நிலை. அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. வீட்டில் படிக்க ஓர் அறை இல்லாதவருக்கு அந்த நாற்காலிதான் எல்லாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. சிறு நூலகத்தில் அதற்கு வழியில்லை. அங்கே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும் என்றால், பத்திரிகை படிக்க வருகிறவர்கள் கிளம்பிய பிறகு கொஞ்சம் இடம் விடும்.

தேடுகிற புத்தகம் இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில், உண்மையிலேயே இல்லையா, அல்லது யாரோ எடுத்துப் போயிருக்கிறார்களா, அல்லது இடம் மாறி அடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாவதுதான் அதிகம். ஒரு வாசகர் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு தட்டில் செருகிய புத்தகம் ஆண்டுக் கணக்கெடுப்பு வரை காணாமல் போனதுதான். வேண்டாத புத்தகத்தை மேசையில் விட்டு வாருங்கள், நீங்களே அடுக்க வேண்டாம்.

இல்லை என்றால் பரிந்துரைப் பதிவேட்டில் எழுதுங்கள்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு. ஆசிரியர் பெயர் மட்டும் எழுதினால் யாரும் தேட மாட்டார்கள். நூலகத்தின் வாசகர் வட்டத்தின் மூலம் கேட்டால் இன்னும் எடை உண்டு. கிளை நூலகத்தில் இல்லாதது மாவட்ட மைய நூலகத்தில் இருக்கலாம். அச்சில் இல்லாத பழைய நூல் என்றால் எழும்பூர் கன்னிமாரா. 1896இல் திறந்த அந்த நூலகத்துக்கு, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி வந்து சேர வேண்டும். பழைய இதழ்கள், ஆய்வுக்கான அரிய அச்சு நூல்கள் என்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அங்கே வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது.

ஊரில் நூலகமே இல்லை.

பக்கத்து ஊர்க் கிளைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருவர் போய் நாலு வீட்டுக்கும் சேர்த்து எடுத்து வருவது நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது. ஒவ்வொருவர் அட்டையும் தேவை. 1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். இன்றைக்கு ஒரு டிவிஎஸ் எக்ஸெல் அந்த வேலைக்குப் போதும்.

புத்தகம் நனைந்துவிட்டது, கிழிந்துவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

நனைந்ததை வெயிலில் போடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். தாள் சுருண்டு, அட்டை வளைந்துவிடும். புத்தகத்தை நிமிர்த்தி நிற்க வைத்து, பக்கங்களை லேசாக விரித்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள். இருபது தாளுக்கு ஒன்றாக அச்சிடாத வெள்ளைத் தாளைச் செருகி, நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். உடனே கவனிக்க நேரமில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது எடுத்து உலர்த்தலாம். வழுவழு ஆர்ட் தாள் புத்தகம் நனைந்தால் மட்டும் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும் முன் பிரித்துவிட வேண்டும்.

கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி, டேப் உதிர்ந்து, அந்த இடத்தில் தாள் நொறுங்கும். கிழிந்த துண்டைப் பக்கத்துக்குள்ளேயே வைத்து நூலகரிடம் கொடுங்கள், பைண்டிங் போகும்போது சரியாகிவிடும்.

தேதி தாண்டிவிட்டது, அல்லது தொலைந்துவிட்டது. இனி அந்தப் பக்கமே போகக் கூச்சமாக இருக்கிறது.

தாமதக் கட்டணம் நாளுக்குச் சிறு தொகைதான். ஒரு டீயோடு முடிகிற விஷயத்துக்காக வருடக்கணக்கில் நூலகத்தைத் தவிர்ப்பவர்கள் உண்டு. தொலைந்திருந்தால் அதே நூலை வாங்கித் தர முடியுமா என்று முதலில் கேளுங்கள். பதிப்பும் ஆண்டும் மாறினால் ஏற்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் விதிப்படி பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாவிட்டால் அட்டையில் அந்தப் புத்தகம் நிலுவையாகவே நிற்கும்.

வீட்டில் உள்ள பழைய புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுக்கலாமா?

கேட்காமல் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்காதீர்கள். பழைய பாடநூல், காலாவதியான கைடு, செல்லரித்த வார இதழ் ஆகியவற்றை வாங்கி வைக்க இடம் இருக்காது; செல்லும் பூச்சியும் ஒரு அட்டைப் பெட்டியில் வந்து மொத்த அலமாரிக்கும் பரவும். தலைப்பும் ஆண்டும் எழுதிய பட்டியலை முதலில் கொடுங்கள். அவர்கள் தேர்ந்தெடுப்பதை, வெயிலில் காய வைக்காமல், ஒருநாள் நிழலில் காற்றாட வைத்துத் தட்டி, கொண்டுபோங்கள். பணமாகத் தர விரும்பினால் 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேரலாம். நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் தேசிய நூலக வாரத்தில் இதற்கென்றே பலகை வைத்து அழைப்பார்கள், ஆனால் ஆண்டு முழுவதும் சேரலாம்.